தரங்கம்பாடியின் சிறிய எழுத்துகள்

இன்று மாலை தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயில் முன் நின்றேன். குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் காக்கக் கொட்டிய பாறைகளின் மேல் அலைகள் ஓயாமல் மோதிக்கொண்டிருந்தன.

சில நிமிடங்களில் நடந்து முடித்துவிடக்கூடிய ஊர் இது.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுக்க, டான்ஸ்பர்க் கோட்டை எழுந்தது.

ஆனால் என் மனம் எப்போதும் தங்குவது இங்கிருந்த பழைய அச்சகத்தில்தான். 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானிய கிறித்தவ மதபோதகர் சீகன்பால்கு, இந்த ஊர்ப் பிள்ளைகளோடு மணலில் அமர்ந்து தமிழ் எழுதப் பழகினார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. காகிதமோ கிடைத்தற்கரியது. எனவே இங்கேயே ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள்; காகிதப் பட்டறை ஒன்றையும் அருகிலேயே தொடங்கினார்கள். இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாடு 1715-இல் இங்கிருந்துதான் வெளிவந்தது. தட்டுப்பாடே அந்த எழுத்துகளின் உருவத்தைத் தீர்மானித்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

1845-இல் ஆங்கிலேயர் ஊரை விலைக்கு வாங்கினர். பின்னர் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வணிகம் அங்கே நகர்ந்தது. இங்கு 1926-இல் வந்து சேர்ந்த ரயிலும் 1986-இல் நின்றுபோனது.

தமிழ் அச்சு வரலாற்றைக் கற்பிப்பவர்கள் பிள்ளைகளை ஒருமுறையேனும் இந்தத் தெருக்களில் நடக்கவிட வேண்டும்.