சானல்கரையைப் பிடித்துப் போனால்

குமரி மாவட்டத்தில் மிதிவண்டிப் பயணம் என்றதும் வெளியூர் நண்பர்கள் கடற்கரைச் சாலையைப் பற்றியும், முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே செல்லும் ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பற்றியுமே கேட்கிறார்கள். இரண்டுமே நல்ல பாதைகள்தாம். ஆனாலும் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்று யாரேனும் சொன்னால், தேங்காப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்திலிருந்து குழித்துறை ஆற்றின் போக்கில் பேச்சிப்பாறை வரை ஏறிச் செல்லும், சுமார் 45 கிலோமீட்டர் நீளமுள்ள வழியைத்தான் நான் சொல்வேன். ஏட்டில் தாமிரபரணி என்று எழுதப்பட்டிருக்கும் இந்த ஆறு நெல்லையில் ஓடும் தாமிரபரணி அன்று. எங்கள் மலையில் பிறக்கும் கோதையாறும் பரளியாறும் திருவட்டாற்றுக்கு அருகே மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறை வழியாக மேற்குக் கடலுக்குப் போகும் ஆறு.

வரைபடத்தில் பார்த்தால் ஆற்றோரப் பாதை சமதளமாகத்தான் இருக்கும் என்று தோன்றும். வண்டியில் ஏறிய அரை மணி நேரத்திலேயே அந்த எண்ணம் போய்விடும். இங்கே நிலம் பொற்றைகள் எனப்படும் சிறு சிறு குன்றுகளும் அவற்றுக்கு இடையே பள்ளமான வயல்களுமாகக் கிடக்கிறது. சாலை ஒவ்வொரு பொற்றையிலும் செங்குத்தாக ஏறி, மறுபக்கம் அதே வேகத்தில் இறங்கும். ஒரு ஏற்றம் முந்நூறு மீட்டர் நீளம்கூட இருக்காது. ஆனால் அப்படி முப்பது ஏற்றங்கள் வரும்போது தொடை கடுக்கும். ஊர்ப்பெயர்களைக் கவனித்துப் படிக்கத் தெரிந்தவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ‘விளை’ என்று முடியும் ஊர் பெரும்பாலும் தென்னையும் மரச்சீனியும் (மரவள்ளி) நிற்கும் மேட்டு நிலம். ‘ஏலா’ என்றால் வயல் கிடக்கும் பள்ளம். ‘துறை’ என்றால் ஆறு பக்கத்தில். இரண்டு விளைகளுக்கு நடுவே ஓர் ஏலா வந்தால், ஓர் இறக்கமும் ஓர் ஏற்றமும் உறுதி என்று எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு இந்த நிலத்தைப் புரியவைத்தவர் வேர்க்கிளம்பிக்கு அருகில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு பெரியவர். வெளியூர்க் கடையொன்றில் வாங்கிய என் வண்டியின் டியூப் பிரெஸ்டா வால்வு கொண்டது. அதற்கு நம் ஊர்ப் பம்பு பொருந்தாது, ஒரு சிறிய பித்தளை அடாப்டர் வேண்டும் என்பதை விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஞ்சரை அவர் அழகாக ஒட்டிவிட்டார். காற்று மட்டும் ஏறவில்லை. நண்பர் ஒருவர் மார்த்தாண்டத்திலிருந்து அடாப்டரோடு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை கடைத் திண்ணையில் என்னை உட்காரவைத்து, சுக்குக்காப்பி வாங்கிக் கொடுத்து, நான் வந்த வழியைக் கேட்ட பெரியவர் சொன்னார்: “மக்களே, நீ எதுக்கு இந்த ஏத்தம் எல்லாம் ஏறிக்கிட்டுக் கெடக்கே? சானல்கரையப் புடிச்சுப் போ. வெள்ளம் போற வழியில சவுட்டுறதுக்கு ஒரு பாடும் இல்ல.”

சானல் என்றால் கால்வாய், வெள்ளம் என்றால் தண்ணீர், சவுட்டுவது என்றால் மிதிப்பது. அவர் சொன்னது முழு உண்மை. கால்வாய் வெட்டுபவர்கள் நீர் கரையை அரிக்காமலும் தேங்காமலும் ஓடுவதற்காக மிக மெல்லிய சரிவையே கொடுப்பார்கள். அதனால் கால்வாய் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றித்தான் போகும். அதன் கரையில் போகும் வழியும் அப்படியே. தூரம் கூடும், ஏற்றம் குறையும். அந்த நாளுக்குப் பிறகு நான் போடும் ஒவ்வொரு பாதையையும் முதலில் கால்வாய்களைப் பார்த்துத்தான் போடுகிறேன். எல்லாக் கரைகளிலும் தார் கிடையாது; சில இடங்களில் செம்மண், சில இடங்களில் மழையில் சரிந்து போன கரை. 38 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் இருந்தால் தாராளமாகப் போகலாம். சோப்புப் பெட்டியோடு குளிக்க வருபவர்களுக்கும், துணி துவைப்பவர்களுக்கும், மாடு ஓட்டி வருபவர்களுக்கும் உரிய கரை அது. மணியடித்து அவர்களை விலக்காமல், இறங்கி உருட்டிச் செல்வதே முறை. கரையோரம் குப்பை கொட்டப்படுவதைப் பார்க்கும்போது மட்டும் நெஞ்சு எரிகிறது. அந்த நீர்தான் கீழே வயலுக்குப் போகிறது.

சாலைக்கும் தண்ணீருக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே பார்வையில் காண மாத்தூருக்குப் போக வேண்டும். பரளியாற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே, 28 தூண்களின் மேல், 115 அடி உயரத்தில் பட்டணங்கால் கால்வாயைத் தாங்கி நிற்கும் தொட்டிப்பாலம் 1966இல் கட்டப்பட்டது. விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் நிலங்களுக்கு நீர் கொண்டுபோவதற்காக எழுந்தது. வண்டியைக் கீழே பூட்டி வைத்துவிட்டு, தொட்டியை ஒட்டிய நடைபாதையில் நான் எப்போதும் மெதுவாகவே நடப்பேன். இடுப்பளவுச் சுவருக்கு அப்பால் தென்னைகளின் தலைகள் கால்மட்டத்துக்குக் கீழே தெரியும். உள்ளே தண்ணீர், நடக்கும் மனிதனின் வேகத்தில், சத்தமே இல்லாமல் கூடவே வரும். ஒரு உலர்ந்த இலை விழுந்தால் அதோடு சேர்ந்து நடந்து மறுகரை வரை போகலாம். அதே பள்ளத்தைக் கடக்க நான் வண்டியோடு ஆற்றுமட்டத்துக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும் என்று நினைக்கும்போதுதான், இதைக் கட்டியவர்களின் கணக்கு எவ்வளவு துல்லியமானது என்பது உடம்புக்கே விளங்கும்.

ஆற்றுப்பாதைக்கு இன்னொரு பழைய சான்றும் உண்டு. சிவராத்திரியை ஒட்டி முஞ்சிறையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம் என்று பன்னிரண்டு சிவாலயங்களை, கையில் விசிறியோடு ‘கோவிந்தா, கோபாலா’ என்று அழைத்தபடி ஓடித் தொழுது, திருநட்டாலத்தில் முடிக்கும் சிவாலய ஓட்டத்தில், முதல் கோயில்கள் ஏறத்தாழ நான் சொல்லும் பள்ளத்தாக்கிலேயே இருக்கின்றன. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தச் சுற்றை மிதிவண்டியில் குலசேகரத்தில் ஓர் இரவு தங்கி இரண்டு நாளில் முடித்தேன். வெறுங்காலோடு ஓடுபவர்களை நினைத்தால் அது பெரிய காரியமாகவே தோன்றவில்லை. திருநந்திக்கரையில் குடைவரைக் கோயிலையும் பார்த்துவிட்டே வர வேண்டும். திற்பரப்பு அருவியில் விடுமுறை நாட்களில் கூட்டம் தாங்காது. காலை எட்டு மணிக்கு முன் போய்விடுவது நல்லது.

குலசேகரத்தைத் தாண்டினால் ரப்பர்த் தோட்டங்கள் தொடங்கும். விடியலில் தலைவிளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டுபவர்கள் மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருப்பார்கள்; வீட்டு முற்றங்களில் ரப்பர் ஷீட்டுகள் துணிபோலக் காயும், அந்தப் புளித்த வாடை சாலை நெடுக வரும். தை, மாசியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துவிடும் என்பதை நிழலை நம்பி வருபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். உதிர்ந்த இலை மழையில் நனைந்து கிடந்தால் வளைவுகளில் சக்கரம் வழுக்கும்.

பேச்சிப்பாறை அணை 1897இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டிய பொறியாளர் மிஞ்சின் துரையின் கல்லறை அணைக்கு அருகிலேயே இருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் அங்கே சற்று நின்றுவிட்டே திரும்புகிறேன். பொதுவாக ஜூனில் பாசனத்துக்கு அணை திறக்கப்பட்டு, பிப்ரவரி இறுதியில் அடைக்கப்படும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது என்பதால், இரண்டும் ஓய்ந்து, சானலில் நீரும் நிறைந்திருக்கும் டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் என் தேர்வு. அணைக்கு மேலே கோதையாறு போகும் சாலை யானைகள் நடமாடும் வன உயிரினக் காப்பகக் காடு. வனத்துறையின் அனுமதியின்றியும் தனியாகவும் அங்கே போகக் கூடாது.

மலைக்காற்று வேண்டும், தூரம் குறைவாக வேண்டும் என்பவர்கள் நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்கும் அங்கிருந்து காளிகேசத்துக்கும் போகலாம். பூதப்பாண்டி வரை வயலும் வாழையுமாக இருக்கும்; அங்கே ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கி ஹேண்டில்பார் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மேலே கடைகள் குறைவு. திரும்பி வரும் இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல், முன்னும் பின்னும் மாறி மாறி விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும்.