டோனாவூருக்குப் போய் வந்தோம்

வள்ளியூரில் இறங்கி ஏர்வாடி வழியாகப் போனால் டோனாவூர் பக்கம்தான். வழியெல்லாம் வாழைத் தோட்டம், போகப் போக மலை கிட்டே வந்துகொண்டே இருக்கிறது. ஊர்ப் பெயரே ஒரு காணிக்கையின் ஞாபகம். ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் டோனா என்ற பிரஷ்ய நாட்டுப் பிரபு அனுப்பிய பணத்தில் உருவான குடியிருப்பு என்பதால் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

நாங்கள் போனது அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா வாழ்ந்த இடத்தைப் பார்க்க. 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951இல் இறக்கும்வரை அயர்லாந்துக்கு ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. 1901இல் பண்ணைவிளையில் இருந்தபோது, கோயில் சேவைக்கென்று விடப்பட்ட பிரீனா என்ற சிறுமி தப்பி வந்து அவரிடம் ஒட்டிக்கொண்டாள். அப்புறம் டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். பார்த்துக்கொண்ட பெண்களை ‘சித்தி’ என்றும் ஆண்களை ‘அண்ணாச்சி’ என்றும்தான் கூப்பிட்டார்கள், வெள்ளைக்காரர்களாக இருந்தாலும் அப்படித்தான். அத்தனை வயிற்றுக்கும் சோறு, பால், மருந்து எல்லாம் வேண்டுமே, ஆனால் பணம் தாருங்கள் என்று எவரிடமும் கேட்பதில்லை என்பதில் அம்மா உறுதி. ஜெபத்தில் சொல்வது, வந்ததில் நடத்துவது, வராவிட்டால் அந்தக் காரியத்துக்கு இன்னும் வேளை வரவில்லை என்று எடுத்துக்கொள்வது.

இந்தக் கடைசி விஷயம்தான் என் மனசில் தைத்தது. என் வீட்டுக்காரருக்குச் சம்பளம் நின்று சில மாதம் ஆகிறது, மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், ஊரில் இருக்கிற மனையை விற்பதா வேண்டாமா என்று வீட்டில் தினமும் இதே பேச்சு. விதைக் காணிக்கை போடுங்கள், நூறு மடங்கு வரும் என்று டிவியில் சொல்கிறவர்களைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. டோனாவூரில் அப்படிப்பட்ட கணக்கு கிடையாது. வராத பணத்தையும் ஒரு பதிலாகப் பார்க்கத் தெரிந்த பெண்மணி அவர்.

வாசலில் அனுமதி கேட்டுத்தான் போனோம். அது பிள்ளைகள் வளர்ந்த வீடு, சுற்றுலா இடம் இல்லை, சத்தமில்லாமல் போய் வர வேண்டும். 1927இல் கட்டிய ஜெப வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். எனக்கு வாயில் ஜெபமே வரவில்லை, மனையும் கட்டணமும்தான் ஓடிக்கொண்டிருந்தது, சரி அதையே சொல்லுவோம் என்று அதையே சொன்னேன்.

மரத்தடியில் கல்லறை. கல்லறைக்கல் வேண்டாம் என்று அம்மா முன்பே சொல்லிவிட்டாராம், அதனால் பறவைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு கல்தொட்டி மட்டும் வைத்திருக்கிறார்கள். விதைக்காத அறுக்காத ஆகாயத்துப் பட்சிகளைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அங்கே இரண்டு மைனா வந்து நீரைச் சிதறடித்துக்கொண்டிருந்ததை என் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் பேசவில்லை.

திரும்பும்போது களக்காடு வழியாக வந்தோம். 1931இல் அம்மா விழுந்தது அந்த ஊரில்தான். மருந்தகத்துக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டில் தெரியாமல் கழிப்பறைக்குத் தோண்டிய குழிக்குள் விழுந்துவிட்டார். உமக்கு ஊழியம் செய்ய என்னை எப்படி வேண்டுமானாலும் பக்குவப்படுத்தும் என்று அன்று காலைதான் ஜெபித்திருந்தார். அதன்பின் சாகும்வரை, கிட்டத்தட்ட இருபது வருஷம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே. இதையும் வழிநடத்துதல் என்று அவர் ஏற்றுக்கொண்டார். என்னால் அவ்வளவு லேசாக ஏற்க முடியவில்லை, பஸ்ஸில் வரும்போதும் மனசு அதில்தான் முட்டிக்கொண்டிருந்தது.

மனையை இப்போதைக்கு விற்கவில்லை. கல்லூரிக் கட்டணத்தில் முதல் தவணை கட்டியாயிற்று, என் அண்ணன் தானாகவே கொண்டுவந்து கொடுத்தான். இரண்டாவதுக்கு இன்னும் வழி தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஜெபித்துக்கொண்டிருக்க அம்மாவால் முடிந்தது, எங்களால் முடியவில்லை, சபையில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறோம்.