பன்னிருவரில் ஒருவராக

நீதிமன்றத்திலிருந்து வந்த உறையைப் பிரித்தபோது, ஏதோ வழக்கில் என் பெயர் சிக்கிவிட்டதோ என்றுதான் முதலில் அஞ்சினேன். கடுமையான குற்ற வழக்குகளை விசாரிக்கும் இங்கிலாந்தின் கிரவுன் நீதிமன்றம் ஒன்றில் ஜூரராக, அதாவது குற்றமா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் ஒருவராக, அமர வேண்டும் என்பதே அதிலிருந்த செய்தி. 18 முதல் 75 வயது வரையுள்ளவர்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. இந்தியாவில் வளர்ந்த எனக்கு ஜூரி என்றாலே, மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றதாகக் கடற்படை அதிகாரி நானாவதிமீது நடந்த வழக்குதான் நினைவுக்கு வரும். 1959இல் பம்பாயில் நடந்த அந்த விசாரணையில் 9 ஜூரர்களில் 8 பேர் குற்றமில்லை என்றார்கள்; நீதிபதி அதை ஏற்காமல் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரி முறைக்கே இடமில்லாமல் போயிற்று.

வழக்கைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. ஜூரி அறைக்குள் யார் என்ன பேசினார்கள், எப்படி வாக்களித்தார்கள் என்று வெளியில் சொல்வது இந்நாட்டில் குற்றம். அந்தத் தடை நியாயமானது என்றே கருதுகிறேன். என் மனத்துக்குள் நடந்ததை மட்டும் சொல்லலாம்.

தேவையான 12 பேரைவிடக் கூடுதலானவர்களை நீதிமன்றத்துக்குள் அழைத்துச் சென்று, பெயர் எழுதிய அட்டைகளைக் கலைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்கள். ஓலைகளைக் குடத்தில் இட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த உத்திரமேரூர்க் கல்வெட்டுச் செய்தி அப்போது நினைவுக்கு வந்தது. என் பெயர் ஏழாவதாக வந்தது. சாட்சியங்களின்படி உண்மையான தீர்ப்பை வழங்குவேன் என்று உறுதிமொழி கூறியபோது என் குரல் நடுங்கியது.

எதிரே குற்றம் சாட்டப்பட்டவர் நின்றிருந்தார். அவர் நிற்கும் இடத்தைத் தமிழில் ‘குற்றவாளிக் கூண்டு’ என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். எதுவும் மெய்ப்பிக்கப்படாத நிலையில் நிற்கும் ஒருவருக்கு அந்தப் பெயரையே தீர்ப்பாக எழுதிவிடுகிறோம் என்பது அன்றுவரை எனக்கு உறைத்ததில்லை. அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் பயன்படுத்துவதில்லை.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். ஆனால் தீர விசாரிக்கும் உரிமை ஜூரருக்கு இல்லை. சம்பவ இடத்தைத் தனியே போய்ப் பார்க்கக் கூடாது, இணையத்தில் ஒரு பெயரைக்கூடத் தேடக் கூடாது, வீட்டாரிடமும் வழக்கைப் பேசக் கூடாது. ஐயம் எழுந்தால் ஒரு தாளில் எழுதி நீதிபதிக்கு அனுப்பலாம், அவ்வளவே. இரவில் கைபேசியைக் கையிலெடுத்துவிட்டுத் திரும்ப வைத்த நாட்கள் உண்டு. காலையில் முழுமையாக நம்பிய ஒரு சாட்சியின் கூற்று, பிற்பகல் குறுக்கு விசாரணையில் ஒரேயொரு எளிய கேள்வியால் தளர்ந்துபோனதைக் கண்டபோது, அந்தச் சாட்சியைவிட அவ்வளவு விரைவாக நம்பிய என்மீதே எனக்கு அச்சம் வந்தது.

கலந்தாய்வுக்கு அனுப்பும் முன் நீதிபதி சொன்னவற்றுள் ஒன்று என்னை உலுக்கியது: குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு முழுவதும் அரசுத் தரப்புடையது, நீங்கள் உறுதியாக நம்பினால் மட்டுமே குற்றவாளி எனலாம். செய்திருக்கக்கூடும் என்பது போதாது, பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும் என்பதும் போதாது. அன்றாட வாழ்வில் மனிதர்களைப் பற்றி நான் கொண்டிருக்கும் முடிவுகளில் எத்தனை இந்த அளவுகோலுக்கு நிற்கும் என்று எண்ணிப் பார்த்துத் துணுக்குற்றேன். முதலில் 12 பேரும் ஒருமித்த முடிவுக்கு வர வேண்டும். குறைந்தது 2 மணி நேரம் கடந்தும் அது கூடாவிட்டால், 10 பேரின் உடன்பாட்டை ஏற்க நீதிபதி அனுமதிக்கலாம்.

எந்த முடிவாயினும் அதற்குக் காரணம் சொல்லுமாறு எங்களை யாரும் கேட்க முடியாது. 1670இல் லண்டன் வீதியில் சமயப் பிரசங்கம் செய்ததற்காக விசாரிக்கப்பட்ட வில்லியம் பென், வில்லியம் மீட் இருவரையும் தண்டிக்க மறுத்த ஜூரர்களை உணவும் நீரும் தராமல் அடைத்துவைத்து, பின்னர் அபராதமும் விதித்தார்கள். அதைச் செலுத்த மறுத்துச் சிறை சென்ற ஜூரர் எட்வர்ட் புஷெல் தொடுத்த வழக்கில்தான், தீர்ப்புக்காக ஜூரரைத் தண்டிக்கக் கூடாது என்பது நிலைபெற்றது. அந்த மேசையைச் சுற்றி அச்சமின்றி நாங்கள் அமர்ந்திருந்தது அவர்களால்தான்.

முடிவெடுத்துத் திரும்பியபோது, எங்கள் தலைவர் எழுந்து நின்று விடை சொல்ல வேண்டியிருந்தது. அந்த நொடியில் தரையைப் பார்க்கவே மனம் விரும்பியது. ஆனால் என் பங்கும் சேர்ந்த ஒரு சொல் ஒரு மனிதர்மீது விழும்போது அவர் முகத்தைப் பாராதிருப்பது முறையாகாது என்று தோன்றியதால், தலை நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.