சமன்பாட்டின் மூலமாக வரக்கூடிய பதினாறு எண்களில் எதை முதலில் போட்டுப் பார்ப்பது?

கெழுக்கள் 4, 0, −13, 6 கொண்ட முப்படிச் சமன்பாட்டை, அதாவது 4x³ − 13x + 6 = 0 என்பதை, எடுத்துக்கொள்வோம். நடுவிலுள்ள அந்த 0 முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

விகிதமுறு மூலம் (முழு எண்ணாகவோ பின்னமாகவோ எழுதக்கூடிய தீர்வு) இருந்தால், அதைச் சுருக்கி எழுதும்போது தொகுதி மாறிலி 6-ஐ மீதியின்றி வகுக்கும். பகுதி முதல் கெழு 4-ஐ வகுக்கும். காரணம் எளிது. மூலத்தைப் பிரதியிட்டு, பகுதியின் கனத்தால் முழுவதையும் பெருக்குங்கள். கடைசி உறுப்பு தவிர எல்லாவற்றிலும் தொகுதி காரணியாக நிற்கும். மொத்தம் பூச்சியம் என்பதால் கடைசி உறுப்பையும் அது வகுத்தாக வேண்டும். பகுதியோடு பொதுக் காரணி இல்லை. ஆகவே 6-ஐத்தான் வகுக்கிறது. பகுதிக்கும் இதே வாதம்தான்.

இனி மூலமாக வரக்கூடியவற்றின் பட்டியல்: 1, 2, 3, 6, 1/2, 3/2, 1/4, 3/4. இரு குறிகளோடும் சேர்த்துப் பதினாறு. (2/4, 6/2 போன்றவை ஏற்கெனவே உள்ளவைதான்.) பலர் இங்கே வரிசையாகப் போடத் தொடங்கி நேரத்தைத் தொலைக்கிறார்கள். முதலில் முழு எண்களைப் போடுங்கள், கிடைக்கும் மதிப்பின் குறியையும் கவனியுங்கள். 1 போட்டால் −3, 2 போட்டால் 12. குறி மாறிவிட்டது, இடையில் ஒரு மூலம் உண்டு. அங்கே பட்டியலில் இருப்பது 3/2 மட்டுமே. தவிர, 2-க்கான தொகுமுறை வகுத்தலில் (முதல் கெழுவை இறக்கி, சோதிக்கும் எண்ணால் பெருக்கி, அடுத்த கெழுவோடு கூட்டிக்கொண்டே போகும் முறை) கீழ்வரிசை 4, 8, 3, 12 என எல்லாமே மிகை. அதனால் 2-க்கு மேல் மூலமே இல்லை. 3, 6 இரண்டையும் அடித்துவிடலாம்.

3/2-ஐத் தொகுமுறை வகுத்தலில் போடுவோம். 4-ஐ இறக்கு; 0 + 6 = 6; −13 + 9 = −4; 6 − 6 = 0. மீதி இல்லை. ஈவு 4, 6, −4. பாதியாக்கினால் 2, 3, −2. இனி பட்டியலைத் தொட வேண்டியதில்லை, இருபடிச் சூத்திரம் போதும்: 1/2, −2.

விடுபட்ட அடுக்குக்கு 0 எழுதாமல் 4, −13, 6 என்று தொடங்கினால் அதே 3/2-க்கு மீதி −9/2 வரும். சரியான மூலத்தையே தூக்கி எறிந்துவிடுவீர்கள். தவறான விடைகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

கெழுக்களில் பின்னம் இருந்தால் மீச்சிறு பொது மடங்கால் பெருக்கிவிட்டுத் தொடங்குங்கள். மாறிலி 0 என்றால் மாறியை வெளியே எடுத்த பிறகே பட்டியல். ஒருமுறை பலித்த மூலத்தை ஈவிலும் போட்டுப் பாருங்கள், இரட்டை மூலமாக (இருமுறை வரும் மூலமாக) இருக்கலாம்.

பட்டியல் முழுக்கத் தோற்பதும் உண்டு. கெழுக்கள் 1, 0, 0, −2 கொண்ட x³ − 2 = 0-க்கு ±1, ±2 எதுவும் சரிவராது. ஆனாலும் மெய்மூலம் இருக்கிறது: 2-இன் கனமூலம், ஒரு விகிதமுறா எண்.