கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அம்மாவை அழைத்துப் போன அனுபவம்

அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து வருஷக்கணக்காகிறது. கொல்லிமலை அறப்பளீஸ்வரரைப் பார்க்க வேண்டும் என்று அவர் பேச்செடுக்கும்போதெல்லாம் சொந்தத்தில் யாராவது ஒருவர், "அங்கே ஆயிரம் படி இறங்கி ஏறணும், உங்களால ஆகாது" என்று சொல்லி அடக்கிவிடுவார்கள். அந்தப் படிகள் கோயிலுக்கானவை இல்லை. கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆகாய கங்கை அருவிக்கானவை. கோயில் வரைக்கும் சாலை இருக்கிறது, பஸ்ஸும் போகிறது. இது தெரியாமல் எத்தனையோ பெரியவர்கள் ஆசையை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருப்பார்கள். அவர்களை அழைத்துப் போக நினைக்கும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாகப் போனால் அடிவாரத்தில் காரவள்ளி வரும். மலைப்பாதை தொடங்குவது அங்கேதான். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு உண்மையான சோதனை இந்த வளைவுகள்தான், கோயில் இல்லை. அம்மாவுக்குக் காலையில் இரண்டே இட்லி மட்டும் கொடுத்திருந்தேன். பஸ்ஸில் முன்பக்கம் ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்து, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் கொடுத்துவிட்டேன். பின் சீட்டில் உட்கார்ந்தவர்கள் பாதி வழியிலேயே துவண்டுவிட்டார்கள். அம்மா பழத்தை முகர்ந்துகொண்டே வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தார். இருபது தாண்டியதும் காற்று மாறியது. நாற்பதுக்கு மேல் காது அடைத்தது. "எச்சிலை முழுங்குங்கம்மா, சரியாயிடும்" என்றார் கண்டக்டர். சரியாயிற்று.

வளைவுகளைக் கண்டு பயப்படுகிறவர்கள் ராசிபுரம் பக்கமிருந்து முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஏறலாம். அந்தப் பாதையில் வளைவுகள் குறைவு. சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு அது வசதி.

மலைக்கு மேல் முக்கியமான ஊர் செம்மேடு. கடைகள், தங்கும் விடுதிகள், பஸ் நிலையம் எல்லாம் இங்கேதான். வல்வில் ஓரியின் சிலையும் இங்கேதான் இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி ஆண்ட மலை இது. ஆடிப் பதினெட்டை ஒட்டி அரசு சார்பில் ஓரிக்கு விழா எடுப்பார்கள், அந்தச் சமயம் கோயிலிலும் ஆற்றிலும் நிற்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்தின் அழகு தனி, ஆனால் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்ற நாள் அது இல்லை. நாங்கள் கூட்டமில்லாத ஒரு வாரநாளாகப் பார்த்துப் போனோம்.

செம்மேட்டில் ஒரு ராத்திரி தங்கினோம். காலையில் ஏறி, சாமி பார்த்து, அருவி பார்த்து, சாயங்காலமே இறங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். வயசுப் பிள்ளைகளுக்கு அது சரி. பெரியவர்களை ஒரே நாளில் 70 வளைவு ஏற்றி, அதே 70 வளைவு இறக்கினால், கும்பிட்ட சாமியே நினைவில் நிற்காது. ராத்திரி நல்ல குளிர். சமவெளி வெயிலை மனசில் வைத்துக்கொண்டு மெல்லிய சேலையோடு வந்துவிடாதீர்கள், ஸ்வெட்டரோ சால்வையோ கட்டாயம் வேண்டும்.

மறுநாள் காலை முதலில் கிடைத்த பஸ்ஸைப் பிடித்தோம். செம்மேட்டில் இருந்து கோயில் இருக்கும் பெரியகோவிலூருக்கு இன்னும் ஒரு பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கும். இந்தப் பாதையை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றிச் சுற்றி ஏறியிருக்கிறது, கீழே காப்பிச் செடி, நடுநடுவே பலா. பள்ளங்களில் அடுக்கடுக்காக நெல் வயல். பஸ்ஸில் பாதிப் பேர் மலைக்காரர்கள், ஏறியதுமே "எந்த ஊரும்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள். அம்மாவின் மடியில் ஒரு பாட்டி கேட்காமலே கொய்யாப்பழம் வைத்தார்.

சுற்றிலும் மலை, நடுவே பள்ளமாக இறங்கிய ஊர். பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது. கொல்லிமலையில் பிறக்கும் அய்யாறு இது. இங்கேயிருந்து கொஞ்ச தூரத்தில் ஆகாய கங்கையாக விழுந்து, கீழே புளியஞ்சோலைப் பக்கம் போகிறது. கோயில் பெரிய கோபுரமெல்லாம் உள்ள கோயில் இல்லை. பழைய கற்கோயில், சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அப்பர் தம் பாடலில் கொல்லிமலையையும் சேர்த்துப் பெயர் சொல்லிப் போயிருப்பதால் இதைத் தேவார வைப்புத் தலமாகக் கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் காட்டு வழியாக இந்தப் பள்ளத்துக்கு எப்படி வந்து போயிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கிறது.

முதலில் ஆற்றுக்குப் போனோம். அதிகம் இறங்க வேண்டியதில்லை, அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்துவிட்டார். கால் நனைத்து, தலையில் மூன்று கை தண்ணீர் தெளித்துக்கொண்டார். முழுக்குப் போட வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை, பாறை வழுக்கும். அப்புறம் மீன்களுக்குப் பொரி போட்டோம். இது இங்கே ஒரு வழிபாடாகவே நடக்கிறது. யாரோ இந்த ஆற்றில் மீன் பிடித்து, அறுத்துக் குழம்பு வைத்தபோது, துண்டுகள் ஒன்றாகப் பொருந்தி உயிரோடு துள்ளி ஆற்றுக்கே திரும்பிவிட்டன என்று கதை. அதனால் இந்த மீன்களும் சாமிதான், யாரும் பிடிப்பதில்லை. அம்மா கையைத் தண்ணீருக்குள் வைத்துப் பொரியை விரித்துக் காட்டினார். முதலில் ஒன்று வந்து உள்ளங்கையை முட்டிப் பார்த்தது. அப்புறம் கறுத்த முதுகுகளாக ஒரு கூட்டமே வந்து விரல் இடுக்கில் இருந்த பொரியைக்கூட விடவில்லை. "கிச்சுக்கிச்சு மூட்டுது கண்ணு" என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அப்பா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

சந்நிதியில் எங்களைத் தவிர நாலைந்து பேர்தான். பாலும் பூவும் தேங்காயும் செம்மேட்டிலேயே வாங்கி வந்திருந்தோம். பெரியவர்களால் வெகுநேரம் நிற்க முடியாது என்று குருக்களிடம் முன்பே சொன்னேன். "அதுக்கென்ன, அந்தத் திண்ணையில உட்காரச் சொல்லுங்க, தீபாராதனைக்குக் கூப்பிடறேன்" என்றார். சொல்லத் தயங்காதீர்கள், கூட்டமில்லாத நாளில் எந்தச் சிவன் கோயிலிலும் இந்தக் கருணை கிடைக்கும்.

அபிஷேகம் முடிந்து அலங்காரம் செய்வதற்கு முன் குருக்கள் அம்மாவைக் கிட்டே அழைத்தார். விளக்கை உயர்த்தி, "உச்சியில பாருங்கம்மா" என்றார். லிங்கத்தின் தலையில் ஒரு வடு. இந்த இடம் முன்பு வயலாக இருந்ததாம். உழுதுகொண்டிருந்தவரின் கலப்பை எதிலோ தட்டி, அங்கிருந்து ரத்தம் வர, தோண்டிப் பார்த்தபோது இந்தச் சுயம்பு லிங்கம் கிடைத்தது என்பது தல வரலாறு. கதையாகப் பலமுறை கேட்டதுதான். ஆனால் பால் வழிந்து முடிந்த ஈரக் கல்லில், விளக்கு வெளிச்சம் சாய்வாகப் படும்போது அந்தப் பள்ளத்தைப் பார்ப்பது வேறு. அம்மா எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை என்று பிறகு சொன்னார். "அவருக்கே அடிபட்டிருக்கு, நான் போய் என் கால் வலிய எங்க சொல்றது?"

அம்பாள் அறம்வளர்த்த நாயகி. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம்.

ஆகாய கங்கைக்கு நான் மட்டும் போனேன். அம்மாவைக் கோயிலிலேயே விட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலும் முறுக்கும் கொடுத்து, பூக்கார அக்காவிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கோயில் அருகிலேயே படிகள் தொடங்குகின்றன. ஆயிரத்துக்கும் மேல், சில இடங்களில் செங்குத்து. கைப்பிடிக் கம்பி இருக்கிறது, கையில் கேரிபேக் இருந்தால் குரங்கு வாங்கிக்கொண்டு போய்விடும். பாதி இறங்கும்போதே இரைச்சல் கேட்கிறது. அருவி கிட்டத்தட்ட 300 அடி உயரத்தில் இருந்து விழுவதால் அடியில் போய் நிற்பதற்கு முன்பே சாரலில் முழுக்க நனைந்துவிடுவோம். இறங்குவது ஒன்றுமில்லை, ஏறுவதுதான் கஷ்டம். எனக்கே இரண்டு நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. முழங்கால் வலி, இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களை ஆசைக்காகக்கூட இறக்காதீர்கள். மழைக்காலத்தில் வெள்ளம் அதிகமானால் அருவிக்குப் போக விடமாட்டார்கள், கிளம்பும் முன் செம்மேட்டிலேயே விசாரித்துவிடுவது நல்லது.

அருவிக்குப் போகாததால் அம்மாவுக்கு ஏதும் குறைந்துபோகவில்லை. அருவியில் விழும் தண்ணீர் கோயில் பக்கத்தில் ஓடும் அதே ஆறுதான். அதில் கால் நனைத்து, மீனுக்குப் பொரி போட்டு, வடுவோடு இருக்கும் சாமியைக் கண்ணாரப் பார்த்தாயிற்று என்றால் யாத்திரை முழுமைதான். கோயிலை அருவிக்குப் போகும் வழியில் ஒரு கும்பிடு போடும் இடமாக நினைத்து வேகமாகக் கடந்து போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நான் மேலே வந்தபோது அம்மா பூக்கார அக்காவின் கூடையை மடியில் வைத்துக்கொண்டு சரம் தொடுத்துக்கொண்டிருந்தார். பேத்தி படிப்பு வரைக்கும் பேசி முடித்திருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸுக்குக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. பெரியகோவிலூரில் இருந்து அடிக்கடி பஸ் கிடையாது, இறங்கும்போதே அடுத்த பஸ் எப்போது என்று டிரைவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செம்மேட்டில் மிளகு வாங்கினோம், காரம் நன்றாக இருக்கிறது. எட்டுக்கை அம்மன் கோயிலையும் மாசி பெரியசாமியையும் இந்த முறை எடுத்துக்கொள்ளவில்லை. மாசி பெரியசாமிக்கு மலை ஏறி நடக்க வேண்டும், அது அம்மாவுக்கு ஒத்துவராது.

சித்திக்கும் முழங்கால் வலிதான். அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, தை மாதம் தன்னையும் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார். பொங்கல் விடுமுறைக் கூட்டம் போன பிறகு ஒரு வாரநாளாகப் பார்த்து, செம்மேட்டில் கீழ்த்தளத்து அறையாக முன்பே சொல்லி வைக்கப்போகிறேன்.