ரோல்பேக்கில் பறிபோன செர்ச் பாத்

சோதனை ஸ்கீமாவில்தான் (தரவுத்தளத்துக்குள் அட்டவணைகளைப் பிரித்து வைக்கும் பகுதி) இருக்கிறேன் என்ற முழு நம்பிக்கையுடன் நான் இட்ட டெலிட் கட்டளைக்கு, 40 வரிசைகள் மட்டுமே அழிந்திருக்க வேண்டிய இடத்தில், ‘டெலிட் 48213’ என்று பதில் வந்தது. அந்த எண்ணைக் கண்டபோது ஏற்பட்ட பதற்றம் இன்னும் முழுமையாக அடங்கவில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்து அனுப்பும் பிஎஸ்க்யூஎல் நிரலை அன்றாடம் திறப்பவர்களுக்கும் இது நேரக்கூடும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

இணைப்பில் சிக்கல் எதுவும் இல்லை. ஒவ்வொரு கட்டளையின் விளைவையும் உடனே நிலையாகச் சேமித்துவிடும் ஆட்டோகமிட்டை நிறுத்துவதில்தான் முதல் தடுமாற்றம் வந்தது. பின்சாய்கோட்டுடன் தொடங்கும் செட் கட்டளையில் அந்தப் பெயரைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் அடித்துவிட்டேன். பிஎஸ்க்யூஎல் அதற்குப் பிழை காட்டுவதில்லை. அதே பெயரில் எதற்கும் பயன்படாத மாறி ஒன்றை உருவாக்கிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது. ஓர் இன்செர்ட் செய்து, அதைத் திரும்பப் பெற ரோல்பேக் கொடுத்தபோது, நடப்பில் (ஒன்றாகச் சேமிக்கவோ கைவிடவோ கூடிய கட்டளைத் தொகுப்பான) டிரான்ஸாக்‌ஷனே இல்லை என்ற எச்சரிக்கை வந்த பிறகுதான், பெயர் முழுவதும் பெரிய எழுத்துகளில் இருக்க வேண்டும் என்பது புரிந்தது. அதற்குள் அரை மணி நேரம் வீணாகிவிட்டது.

அதைத் திருத்திய பின், சர்வருக்கான செட் கட்டளையால், அதாவது பின்சாய்கோடு இல்லாத செட்டால், அட்டவணைகளை எந்த ஸ்கீமாவில் தேட வேண்டும் என்று சொல்லும் செர்ச் பாத்தைச் சோதனை ஸ்கீமாவுக்கு மாற்றி, ஷோ கொடுத்துச் சரிபார்த்தும் கொண்டேன். அடுத்த செலக்டில் ஒரு நெடுவரிசையின் பெயரைத் தவறாக அடித்ததால் டிரான்ஸாக்‌ஷன் முறிந்து, கட்டளை அடிக்கும் வரியின் தொடக்கத்தில் வரும் பிராம்ப்டில் ஆச்சரியக்குறி தோன்றியது. வழக்கம்போல ரோல்பேக் கொடுத்துவிட்டு டெலிட்டை இட்டேன். சிக்கியது இங்கேதான். ஆட்டோகமிட் நின்றிருக்கும்போது செட் கட்டளையும் ஒரு டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்கிவிடுகிறது. அது ரோல்பேக் ஆனால் அதற்குள் மாற்றிய அமைப்பும் பழைய மதிப்புக்கே திரும்பிவிடுகிறது. என் டெலிட் நிஜ அட்டவணையின் மீது ஓடியிருந்தது. செட் கொடுத்தவுடனேயே பிராம்ப்டில் வந்துவிட்ட நட்சத்திரக் குறியை நான் கவனித்திருந்தால், டிரான்ஸாக்‌ஷன் திறந்திருப்பது அப்போதே தெரிந்திருக்கும்.

காப்பாற்றியதும் அதே ஆட்டோகமிட் நிறுத்தம்தான். கமிட் ஆகாததால் இன்னொரு ரோல்பேக்கில் அத்தனை வரிசைகளும் திரும்பி வந்தன. எண்ணிக்கையை இரண்டு முறை எண்ணிப் பார்த்த பிறகே மூச்சு விட்டேன். இப்படி நேர்ந்தால் யோசித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். டிரான்ஸாக்‌ஷன் திறந்திருக்கும்வரை அந்த வரிசைகளை மாற்ற முயலும் பிற செஷன்கள் (மற்ற இணைப்புகள்) பூட்டுக்காகக் காத்துக்கிடக்கும்.

இப்போது செட் கொடுத்த அடுத்த வரியிலேயே கமிட் கொடுத்துவிடுகிறேன். அதைவிட உறுதியான வழி, பிஜிஆப்ஷன்ஸ் என்ற சூழல் மாறியில் செர்ச் பாத்தை எழுதிவிட்டு பிஎஸ்க்யூஎல்லைத் திறப்பது. அம்மதிப்பு இணைப்பின்போதே அமைந்துவிடுவதால் ரோல்பேக் அதைத் தொடாது. பின்சாய்கோடு சி கொடுத்து மறுபடி இணையும்போது இன்னும் கவனம் தேவை. அது புதிய செஷன் என்பதால், கையால் செட் செய்தவை அனைத்தும் போய்விடும். ஆட்டோகமிட் பிஎஸ்க்யூஎல்லின் சொந்த மாறி என்பதால் அது மட்டும் நீங்கள் வைத்தபடியே இருக்கும். பிஎஸ்க்யூஎல்ஆர்சி கோப்பில் எழுதிய செட் வரிகளும் அங்கே கைகொடுக்காது, அந்தக் கோப்பு தொடக்கத்தில் ஒருமுறைதான் படிக்கப்படுகிறது.