உப்புத் தண்ணீரும் ஒரு ரப்பர் முத்திரையும்

தெருக்காரர்கள் சேர்ந்து போட்ட எங்கள் காய்கறித் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் விதை எங்கே வாங்கினீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். விதையில் எங்களுக்கு ஒரு சிக்கலும் வரவில்லை. கொத்தவரை, பூசணி, தண்டுக்கீரை எல்லாம் ஊருக்குள்ளேயே யார் வீட்டிலாவது துணி முடிச்சில் இருந்தது. எங்களைப் படுத்தியவை காகிதமும் தண்ணீரும்தான், அப்புறம் பங்கு. ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் இப்படி ஒரு தோட்டம் போட நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் எரிச்சலும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்குக் காரணம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. ஆனால் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் அந்த இரண்டு மாதமும் முதலில் நின்றுபோவது காய்கறிதான். அரிசி ரேஷனில் வரும். நிவாரணப் பணம் வந்தாலும் கடைக் கடனுக்கே சரியாகிவிடும். அதனால் ஆளுக்குக் கொஞ்சம் உழைத்து, விளைவதை விற்காமல் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். இடமும் இருந்தது, ஊர்ப் பொதுக்கிணற்றை ஒட்டிய புறம்போக்கு. சீமைக் கருவேலத்தை எல்லோருமாகச் சேர்ந்து வெட்டி, தூரோடு தோண்டி எடுத்தோம். தூரை விட்டால் மறுபடி துளிர்த்துவிடும்.

அனுமதி கேட்கப் போன இடத்தில்தான் ஆரம்பித்தது. "குழுன்னா பதிவு நம்பர் என்ன?" என்றார் எழுத்தர். பதிவு இல்லை சார், தெருக்காரர்கள்தான் என்றேன். "தெருவுக்கெல்லாம் அனுமதி குடுக்க முடியாதும்மா." மனுவை வாங்கி மேசை ஓரத்தில் வைத்துக்கொண்டார். அடுத்த முறை போனால் அந்த மனு இல்லை. அப்படி ஒன்று வந்ததாகவே நினைவில்லை என்றார். பஸ் செலவும் ஒரு நாள் வேலையும் போனது போனதுதான்.

இதில் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். எந்த அலுவலகத்தில் மனு கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். அது முடியவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். அங்கே மனுவுக்கு எண் போட்டுத் தருகிறார்கள். எண் இருந்தால் "அப்படி ஒன்று வரவில்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

பதிவுச் சிக்கலை அவிழ்த்தது எங்கள் மகளிர் சுய உதவிக் குழு. சங்கமாகப் பதிய வேண்டுமானால் ஏழு பேர், துணைவிதிகள், வருடா வருடம் கணக்கு என்று அது ஒரு தனி அலைச்சல். சுய உதவிக் குழுவுக்கோ வங்கிக் கணக்கு இருக்கிறது, தீர்மானப் புத்தகம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக வட்டமான ரப்பர் முத்திரை இருக்கிறது! அதே மனுவைக் குழுவின் பெயரில் எழுதி, கீழே முத்திரையைக் குத்திக் கொண்டுபோனோம். அதே எழுத்தர் "இத முதல்லயே செஞ்சிருக்கலாம்ல" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

கிராம சபைத் தீர்மானமும் வேண்டும் என்றார்கள். சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நமக்கு உதவுவது ஆகஸ்ட் 15 தான். அதை விட்டு அக்டோபர் 2 என்று போனால் பாத்தி கட்டுவதற்குள் மழை வந்துவிடும். இந்தக் கரையில் மழையைத் தவறவிட்டால் அந்த வருடமே போயிற்று. ஏனென்று கீழே சொல்கிறேன்.

மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுக்கப் போனபோது இன்னொரு கூத்து. படிவத்தில் பட்டா எண் எழுத வேண்டுமாம். புறம்போக்கு என்றதும் "புறம்போக்கு மண்ணுக்கு எதுக்கும்மா பரிசோதனை?" என்று பாட்டிலைத் தள்ளி வைத்தார் அங்கிருந்தவர். பக்கத்து மேசையில் இருந்த ஒரு இளைஞர்தான், கிராமத்து நிலக் கணக்கான அடங்கலில் இருக்கும் புல எண்ணை எழுதினால் போதும் என்றார். பையில் அடங்கல் நகல் இருந்ததால் அன்றைக்குத் தப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலரிடம் அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்ததும் உரக்கடையில் ஜிப்சம் மூட்டைகளைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். தாளைப் படித்துவிட்டுப் போனதால் பிழைத்தோம். ஜிப்சம் களர் நிலத்துக்கு, அதாவது கார அமில நிலை (pH) 8.5 ஐத் தாண்டிய மண்ணுக்கு. எங்களுடையது உவர். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்தான் 4 ஐத் தாண்டியிருந்தது, கார அமில நிலை சரியாகவே இருந்தது. உவருக்கு நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிக் கீழே இறக்குவதுதான் வழி. கழுவுகிற அளவு நல்ல தண்ணீர் நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும்தான் கிடைக்கும். அதனால்தான் மழைக்கு முன்னாலேயே வரப்பை உயர்த்திப் பாத்தி கட்டி, விழுகிற மழையை அங்கேயே நிறுத்த வேண்டும். மணல் மண் என்பதால் உப்பு சீக்கிரமே இறங்கிவிடுகிறது. கரை மேட்டின் உச்சியில் விதை ஊன்றாதீர்கள். ஈரம் காயும்போது உப்பு உச்சிக்குத்தான் ஏறும். பக்கவாட்டில், பாதி உயரத்தில் ஊன்றுங்கள்.

இனி கிணறு. எங்கள் உறைகிணற்றில் நல்ல தண்ணீர்தான். வெளிநாட்டில் இருக்கும் தெருப் பையன் ஒருவன் ஆசையாக ஒரு குதிரைத் திறன் மோட்டார் அனுப்பினான். கொஞ்ச நாள் ஓடியதும் தண்ணீர் சப்பென்று ஆகி, அப்புறம் உப்பே கரித்தது. அந்தக் கிணற்றில் குடிக்க எடுக்கிற பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். அவர்கள் பேசியதை இங்கே எழுத முடியாது, ஆனால் அவ்வளவும் நியாயம்.

கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு அது இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மோட்டார் போட்டு மேலே ஒரு அடியை வேகமாக இறக்கினால் அடியிலிருந்து உப்பு எழும்பி வரும். கையால் இறைத்தால் ஊற்றுக்கு ஊறி வர நேரம் கிடைக்கிறது. மோட்டாரை எடுத்து மூடி வைத்தோம். அடுத்த மழைக்குப் பிறகுதான் தண்ணீர் பழைய நிலைக்கு வந்தது. அந்தப் பையனிடம் இதைச் சொல்ல இன்னும் யாருக்கும் மனசு வரவில்லை.

இப்போது பானைப் பாசனம். மானாமதுரைப் பானைகளைக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி, மூடி வைக்கிறோம். சுவர் வழியாகக் கசிகிற ஈரத்தைச் சுற்றியுள்ள வேர்கள் தேடிப் பிடித்துக்கொள்கின்றன. வர்ணம் பூசிய பானையை மட்டும் வாங்காதீர்கள், கசியாது.

வேலிக்குக் கழித்த மீன்வலை சும்மா கிடைக்கிறதே என்று பலர் சொல்வார்கள். கட்டாதீர்கள். பாம்பும் ஓணானும் சிக்கிச் சாகும், ஆடோ தலையைக் கொடுத்துக் கிழித்துக்கொண்டு போய்விடும். பனை மட்டை வேலிதான் நிற்கிறது. மயிலைத் தடுக்கத்தான் எங்களுக்கு இன்னும் வழி தெரியவில்லை. ஆடுகளை அவ்வளவு திட்டினோம், கடைசியில் உரம் கொடுத்தது அவைதான். வெயில் காலத்தில் ஆட்டு மந்தையோடு வந்த கீதாரி ஒருவரிடம் பேசி, காலியாகக் கிடந்த பாத்திகளில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போடச் சொன்னோம். அடுத்த மழைக்குக் கீரை வந்த வேகமே வேறு.

பங்கில்தான் உறவே கெட இருந்தது. உழைத்தவருக்கு மட்டும் பங்கு என்று முதலில் வைத்தோம். அப்படியென்றால் பிள்ளை பெற்று வீட்டில் இருக்கிறவள், கண் தெரியாத கிழவி, இவர்களுக்கு இல்லையா? எல்லோருக்கும் என்று மாற்றினால், அறுவடை அன்று மட்டும் கூடையோடு வருகிறவர்கள் பெருகினார்கள். "எங்க வூட்டுக்குச் சொத்தக் காயாப் பாத்துப் போடுறீக" என்ற பேச்சும் வந்தது. கடைசியில் ஒரு மீனவ அண்ணன் சொன்னபடி கூறு போட்டோம். வீட்டுக்கு ஒன்றாகக் காயைக் குவித்து வைப்பது. ஒருவர் முதுகைக் காட்டி நிற்க, இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். திரும்பிப் பார்க்காமல் அவர் ஒரு வீட்டைச் சொல்ல வேண்டும். உழைத்த வீட்டுக்கு மேற்கொண்டு ஒரு கூறு. அதற்கப்புறம் சொத்தைக் காய்ப் பேச்சு நின்றது. மிஞ்சியதைப் பள்ளிச் சத்துணவுக்குக் கொண்டுபோனால், வெளிக் காயை வாங்க உத்தரவு இல்லை என்று திருப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் முன் எழுத்தில் கேட்டுவிடுங்கள், முருங்கைக்கீரைக் கட்டோடு வெயிலில் திரும்பி நடப்பது கொடுமை.

ஒன்றை முன்பே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மழைக்கு விதைத்தது தையிலிருந்து பங்குனிக்குள் காய்த்து முடிந்துவிடும். தடைக்காலம் தொடங்கும்போது கிணறும் கீழே, தண்ணீரும் சப்பு, முருங்கையைத் தவிரப் பாத்தியில் ஒன்றும் நிற்காது. அதனால் இப்போது பச்சையாகப் பிரிப்பதைக் குறைத்துவிட்டோம். கொத்தவரையில் பாதி உப்புப் போட்டு அவித்து வற்றலாகிறது. முற்றிய பூசணி காம்போடு அறுபட்டுப் பரண் ஏறுகிறது. முண்டு மிளகாய் மோரில் ஊறிக் காய்கிறது. போன தடைக்காலத்தில் மே மாதம் வரைக்கும் கூறு போட வற்றல் இருந்தது. ஜூனுக்குப் போதவில்லை. இந்த வருடம் தண்டுக்கீரைப் பாத்தியில் பாதியைக் கொத்தவரைக்கு மாற்றியிருக்கிறோம். கீரைக்காரர்கள் இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.